எங்கே உட்கார்ந்து பார்ப்பது

நம் விமர்சனத்தில் தேய்ந்து மழுங்கிப்போன நாணயங்களில் ஒன்று 'பார்வைக் கோணம்'. ஒரு நாவலைப் பற்றி இரண்டு பேர் எதிரெதிராக எதையோ சொல்கிறார்கள். மூன்றாமவர் எழுந்து "அவரவர் கோணம் அவரவருக்கு" என்கிறார். கூட்டம் கலைகிறது. எல்லோருக்கும் நிம்மதி. சமரசம் செய்துவைத்ததாக அவர் எண்ணிக்கொள்ளலாம்; உண்மையில் பேச்சு தொடங்கியிருக்க வேண்டிய இடத்தில் அதை முடித்துவைத்திருக்கிறார். கோணம் என்பது கணிதத்திலிருந்து வந்த சொல். எதிலிருந்து எதற்கு, எத்தனை டிகிரி என்று சொல்லாமல் அங்கே யாரும் அதை உச்சரிப்பதில்லை. விமர்சனத்துக்குள் வந்ததும் அது அளவை இழந்து, ருசி, சுபாவம், பிறந்த நட்சத்திரம் இவற்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சொல்லைத் திரும்பவும் அளவுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதுதான் இங்கே என் யத்தனம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் உன்னதமானதல்ல. வேலை நாட்களில் பொழுதெல்லாம் எனக்கு எதிரே நிற்கிற கம்ப்யூட்டர் திரை. தத்துவம் பேச ஒரு மேஜை போதும் என்று ரஸ்ஸல் காட்டியிருக்கிறார். மேஜைமேல் இருப்பதும் போதும் என்று எனக்குப் படுகிறது.

ரஸ்ஸலின் மேஜை 1912-ல் வெளிவந்த 'தத்துவத்தின் பிரச்னைகள்' நூலின் முதல் அத்தியாயத்தில் வருகிறது. மேஜை பழுப்பு நிறம் என்கிறோம். ஆனால் ஜன்னல் வெளிச்சம் விழும் பகுதி வெண்மையாகத் தெரிகிறது. நாம் நகர்ந்தால் அந்த வெண்மையும் நகர்கிறது. ஒரே சமயத்தில் பார்க்கும் பலரில் இருவருக்குக்கூட நிறங்கள் ஒரேமாதிரி அமையா. இவற்றில் ஒன்றை மட்டும் மேஜையின் அசல் நிறம் என்று சொல்ல என்ன நியாயம்? சாதாரண மனிதன் சாதாரண வெளிச்சத்தில் சாதாரண இடத்திலிருந்து பார்க்கும் நிறத்துக்கு நாம் சலுகை காட்டுகிறோம், அவ்வளவுதான். சலுகை கூடாதென்றால் மேஜைக்குத் தனக்கென்று ஒரு நிறம் உண்டு என்பதையே கைவிட வேண்டியதுதான். 'அவரவர் கோணம்' என்று சொல்பவர் இந்த வாதத்தின் கடைசி வரியை மட்டும் கேள்விப்பட்டவர். ரஸ்ஸல் அந்த இடத்திலிருந்து கடினமான கேள்விகளுக்குப் போகிறார். நம்மவர் அங்கிருந்து காப்பி சாப்பிடப் போகிறார்.

பழைய பிக்சர் டியூப் மானிட்டரை மேஜையோடு ஒப்பிடலாம். 1897-ல் ப்ரௌன் செய்த கதிர்க்குழாயின் வாரிசு அது. கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பர்மேல் எலெக்ட்ரான்கள் மோத, பாஸ்பர் தானே ஒளிர்கிறது. எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் ஒளிர்கிறது. 1760-ல் லாம்பெர்ட் விதியாக எழுதிவைத்த குணம் இது. சுண்ணாம்பு அடித்த சுவரும், தாளும், சினிமாக் கொட்டகையின் வெள்ளைத் திரையும் இந்த ஜாதிதான். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் கதாநாயகன் ஒல்லியாகத் தெரிவானே தவிர, இருண்டு போகமாட்டான். ஒல்லியாவதையும் இரண்டு நிமிஷத்தில் கண் சரிசெய்துகொள்ளும். வட்டமான தட்டைச் சாய்வாகப் பார்த்து 'நீள்வட்டத் தட்டு' என்று யாரும் சொல்வதில்லை. இங்கே கோணம் நம்மிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பொருளோடு சேர்ந்து அதன் சாய்வையும் அறிகிறோம்.

அதன்பின் வந்த தட்டைத் திரைகளில் விஷயம் வேறு. திரவப் படிகம் என்பதே விசித்திரமான பண்டம். 1888-ல் ப்ராகில் ரைனிட்ஸர் என்ற தாவர இயலாளர் ஒரு சேர்மத்தைச் சூடாக்கிப் பார்த்தபோது அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில் மறுபடி 'உருகி'த் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல், ஓடுவதில் திரவமாகவும் ஒளியை நடத்துவதில் படிகமாகவும் இருந்தது. இதை வைத்துத் திரை செய்யும் வழியை 1970-ல் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் என்ற இருவர் பாஸல் நகரில், ஹாஃப்மன் லா ரோஷ் என்ற மருந்துக் கம்பெனியில் இருந்துகொண்டு கண்டார்கள். டி.என். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் முறை. ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகள். அவை இரண்டும் ஒளியை அடைத்துவிடும். நடுவே, குச்சி போன்ற மூலக்கூறுகள் ஒரு கண்ணாடியிலிருந்து மறு கண்ணாடிக்குள் 90 டிகிரி முறுக்கிக்கொண்டு படுத்திருக்கின்றன. பின்விளக்கின் ஒளி அந்த முறுக்கோடு திரும்பி வெளியே வந்துவிடுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் குச்சிகள் நிமிர்ந்து நிற்கும், முறுக்கு குலையும், ஒளி அடைபடும். அது கறுப்பு.

வெள்ளைக்குக் குச்சி படுத்திருக்கிறது, கறுப்புக்கு நிற்கிறது. சாம்பலுக்கு? பாதி சாய்ந்திருக்கிறது. சிக்கல் இங்கேதான். காற்றில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்த நெற்பயிரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரப்பில் நிற்பவனுக்குத் தாள் முழு நீளத்துக்கும் தெரியும். எதிர் வரப்பில் நிற்பவனை நோக்கி நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுபோலத்தான், ஒரு டி.என். திரையை மேலிருந்து பார்ப்பவனுக்குப் படம் வெளிறுகிறது; கீழிருந்து பார்ப்பவனுக்கு இருள்கிறது. இன்னும் தாழ்ந்து பார்த்தால் சாம்பல்களின் வரிசையே தலைகீழாகிறது. இருட்டாக இருக்க வேண்டியது வெளிச்சமாகவும் வெளிச்சமாக இருக்க வேண்டியது இருட்டாகவும், போட்டோவின் நெகட்டிவ் மாதிரி. இது தட்டு நீள்வட்டமாகத் தெரிவதைப் போன்றதல்ல. எந்த அனுபவமும் இதைச் சரிசெய்து தராது. கீழே இருப்பவனின் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியே வேறு.

ஆக, 'கோணத்தைப் பொறுத்தது' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு சம்பவங்கள் ஒளிந்திருக்கின்றன. மூன்றாவதும் ஒன்று உண்டு. மயில்கழுத்துப் பட்டு. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். மடிப்புக்கு மடிப்பு பச்சையும் நீலமும் மாறி மாறி வரும். அதன் 'உண்மையான' நிறம் எது என்று ஜவுளிக்கடையில் யாரும் கேட்பதில்லை. மாறுவதுதான் சரக்கு, அதற்குத்தான் விலை. டி.என். திரையும் மாறுகிறது, ஆனால் அங்கே யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. ஏன்?

ஏனென்றால் திரைக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று 0-லிருந்து 255-க்குள் ஒவ்வொரு பிக்சலுக்கும் குறித்துவைக்கப்பட்டிருக்கிறது. ரஸ்ஸலின் மேஜையில் இல்லாதது இது. மேஜையின் நிறம் இன்னதென்று யாரும் எழுதிவைக்கவில்லை. படத்தின் நிறத்தை ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் ஒன்றைச் சொல்ல நினைத்தார். இந்தத் திரையில் அது இன்ன இடத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவ்விதமே போய்ச் சேரும் என்று திரை செய்தவர் உறுதி கூறியிருக்கிறார். எண் உண்மை, தோற்றம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. எண்ணை யாரும் பார்ப்பதில்லை, எண்ணுக்கு நிறமும் இல்லை. நேரே, செங்குத்தாகப் பார்க்கும் இடம் 'சரியான' இடமானதற்குக் காரணம் இயற்கையல்ல, ஒரு ஒப்பந்தம். அனுப்புகிறவனும் பெறுகிறவனும் சந்திப்பதாகப் பேசிவைத்த இடம் அது. பொருள் ஒவ்வொன்றும், காலரியில் தொங்கும் ஓவியத்தைப்போல, தன்னை இன்ன தூரத்திலிருந்து பார் என்று கோருகிறது என்கிறார் மெர்லோ-போந்தி. அழகான பேச்சுதான். ஆனால் திரை விஷயத்தில் கோருவது பொருளல்ல, செய்தவன். இந்த வித்தியாசத்தை மங்கவிடக்கூடாது.

ஃப்ளாரன்ஸில் ப்ருனெலெஸ்கி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த ஒப்பந்தத்தை ஒளிவுமறைவில்லாமல் செய்தார். ஞானஸ்நான மண்டபத்தைப் பலகையில் வரைந்து, பலகையிலேயே ஒரு துளை போட்டார். பார்ப்பவன் பலகையின் பின்புறத்திலிருந்து அத்துளையில் ஒற்றைக் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் படத்தின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். இடம் இது, கண் ஒன்று, வேறு வழியில்லை. பின்னால் வந்த ஓவியங்களும் திரைகளும் துளையை எடுத்துவிட்டன, நிபந்தனையை எடுக்கவில்லை.

நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள திரைக்கு முன் 55 சென்டிமீட்டர் தள்ளி, நட்டநடு மையத்துக்கு நேராகக் கண்ணை வைத்து உட்காருகிறேன். அப்போதும் திரையின் மேல் விளிம்பை 15 டிகிரி கீழிருந்தும் கீழ் விளிம்பை 15 டிகிரி மேலிருந்தும்தான் பார்க்கிறேன். டி.என். திரையில் இது போதும்: திரை முழுக்க ஒரே சாம்பலை நிரப்பினால் மேற்பகுதி சற்று இருட்டாகவும் அடிப்பகுதி வெளிறியும் தெரியும். சரியான இடத்தில் உட்கார்ந்தவனும் திரையின் ஒரு பட்டைக்கு மட்டுமே சரியான இடத்தில் இருக்கிறான். ப்ளேட்டோ 'ஸோஃபிஸ்ட்' உரையாடலில் இதை ஒத்த ஒன்றைக் குறைப்பட்டுக்கொள்கிறார். பெரிய சிலைகள் செய்பவர்கள் அசல் விகிதத்தைக் கைவிடுகிறார்கள். அப்படியே செய்தால் தூரத்திலிருக்கும் மேல்பாகம் சிறுத்துத் தெரியும் என்பதால் அதைப் பெருக்கிச் செய்கிறார்கள். அது உருவத்தின் பிரதியல்ல, தோற்றத்தின் பிரதி. ப்ளேட்டோவுக்கு இது மோசடியின் உறவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதை யோசித்த சிற்பி, யோசிக்காதவனைவிட யோக்கியன்.

யோக்கியதை கெடுவது வேறிடத்தில். மானிட்டர் அட்டைப்பெட்டியில் 'பார்வைக் கோணம் 178 டிகிரி' என்று அச்சிட்டிருப்பார்கள். (ரைனிட்ஸரின் 178.5-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்களுக்கும் நகைச்சுவை உண்டு.) 180 என்பது திரையின் தளமேதான், அதற்கு இரண்டு டிகிரி குறைவு என்றால் கிட்டத்தட்டச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் படம் தெரியும் என்று பொருள். தெரிவது என்றால் என்ன? வெள்ளையின் பிரகாசம் கறுப்பின் பிரகாசத்தைப்போல் 10 மடங்காவது இருந்தால் 'தெரிகிறது' என்று வைத்துக்கொள்வது வழக்கம். நேரே பார்க்கையில் 1000 மடங்கு இருந்தது 10 மடங்காகச் சரிந்திருக்கலாம், அதாவது நூற்றில் ஒரு பங்கு. அப்போதும் பெட்டியின் பாஷையில் அது பார்வைக்குள் அடக்கம். சில கம்பெனிகள் 10-ஐ 5 ஆக்கிக்கொண்டன. திரையைத் தொடாமலே கோணம் அகன்றது. இந்த அளவுகோல் வெள்ளையையும் கறுப்பையும் மட்டுமே கேட்கிறது. நிறம் என்ன ஆயிற்று, நடுச்சாயல்கள் என்ன ஆயின என்று கேட்பதே இல்லை. போவதில் முதலில் போவது அவைதான். வெள்ளைத் தளத்தில் கறுப்பு எழுத்து எந்தச் சாய்விலும் ஒருவாறு பிழைத்துக்கொள்ளும். முகத்தின் நிழல், மாலை வானத்தின் படிமாற்றம், வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு பிழைப்பதில்லை. ஒரு படைப்பின் கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு அப்படைப்பைத் தனக்குத் 'தெரியும்' என்று சொல்பவர்கள் இந்த 10-க்கு 1 அளவுகோலில் தேறியவர்கள்.

178 என்ற இதே எண்ணைத் தாங்கி, தம்முள் சற்றும் ஒத்துப்போகாத இரண்டு ஜாதித் திரைகள் சந்தையில் இருக்கின்றன. இரண்டும் 1996-ல் ஜப்பானிலிருந்து வந்தவை. ஹிடாச்சி கொண்டுவந்தது ஐ.பி.எஸ். அதில் குச்சிகள் எழுந்து நிற்பதில்லை. கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே கடிகார முள்போலச் சுழல்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குச்சியின் சாய்வு அதிகம் மாறுவதில்லை என்பதால் நிறமும் அதிகம் மாறுவதில்லை. நாலு பேர் சூழ்ந்து நின்று ஒரே படத்தைப் பார்த்து விவாதிக்கலாம். விலை, கறுப்பில் கொடுக்கப்படுகிறது: இருட்டறையில் அதன் கறுப்பு முழுக் கறுப்பாக இராது, ஓரங்களில் ஒரு வெளிறல் ஊறிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் ஒன்றுபோல் தெரிவதற்காக ஆழத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த திரை என்று சொல்லலாம். உவமையை இதற்குமேல் இழுக்க நான் தயாரில்லை. பின்விளக்கே இல்லாத ஓ.எல்.இ.டி. திரைகள் இந்த விலையையும் தள்ளுபடி செய்துவிட்டன, சாய்ந்து பார்த்தால் வெள்ளையில் மெல்லிய நீலமோ பச்சையோ ஏறுவது தவிர.

மற்றது ஃப்யூஜிட்சு கொண்டுவந்த வி.ஏ. எனக்கு இதுதான் சுவாரஸ்யமானது. இதில் குச்சிகள் சும்மா இருக்கும்போது நெட்டுக்குத்தாக நிற்கின்றன; போலராய்டுகள் ஒளியை ஏறக்குறைய முழுக்க அடைத்துவிடுகின்றன. கறுப்பு நல்ல கறுப்பு. ஐ.பி.எஸ். பெரும்பாலும் 1000-க்கு 1 என்றால் இது 3000-க்கு 1. ஆனால் கறுப்பை அடுத்த மிக இருண்ட சாம்பலுக்குக் குச்சி லேசாகத்தான் சாய்கிறது. நேர் எதிரே இருப்பவனுக்கு அந்தச் சின்னச் சாய்வு கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. அவனுக்கு அதுவும் கறுப்பு. இந்தத் திரைகள் பலவற்றில், இரவுக் காட்சி ஒன்றில் சுவரோரம் நிற்கும் ஆளின் கறுப்புக் கோட்டில் மடிப்புகள் இருந்தால், நேரே உட்கார்ந்தவனுக்கு அவை மூழ்கிப்போகும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் மடிப்புகள் மேலே வருகின்றன. ஆம், அங்கிருந்து நிறம் வெளிறுகிறது, மற்றெல்லாம் கெடுகிறது. ஆனால் ஒன்று, அனுப்பியவன் எண்ணாக எழுதி அனுப்பிய ஒன்று, தவறான இடத்திலிருந்து மட்டுமே தெரிகிறது.

லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிற ஹோல்பைனின் 1533-ஆம் வருஷத்து ஓவியம் நினைவுக்கு வரலாம். இரண்டு தூதர்கள் தங்கள் கருவிகள், புத்தகங்களோடு மிடுக்காக நிற்கிறார்கள். காலடியில் இன்னதென்று விளங்காத ஒரு சாய்ந்த கறை. வலதுபுறம் சுவரோரம் போய்ப் பார்த்தால் கறை மண்டையோடாகத் திரள்கிறது; அதே வேளை தூதர்கள் உருக்குலைகிறார்கள். ஹோல்பைன் இரண்டு ஒப்பந்தங்களில் வேண்டுமென்றே கையெழுத்திட்டார். வி.ஏ. திரை அப்படி எதையும் உத்தேசிக்கவில்லை. ஆனால் இரண்டிலும் பார்ப்பவனுக்குக் கிடைக்கும் வேலை ஒன்றே: எழுந்து நகர்வது.

'அவரவர் கோணம்' பேசுகிறவர்களிடம் நான் காணாதது இந்த எழுந்து நகர்தலைத்தான். கோணம் என்றால் இடம். இடம் என்றால் அதிலிருந்து எழலாம், இன்னொருவர் வந்து உட்காரலாம், 'நீ சொன்ன மடிப்பு இங்கிருந்து தெரிகிறதே' என்றோ 'இங்கிருந்தும் தெரியவில்லை' என்றோ சொல்லலாம். இதற்கு இடம்கொடுக்காத கோணம் கோணமே அல்ல. அது வெறும் அபிப்ராயம், அல்லது பதவி. ஓரத்திலிருந்து பார்ப்பவனை 'நீ தப்பாகப் பார்க்கிறாய்' என்று ஒதுக்கும் மையத்து ஆசாமியும், 'எனக்கு இப்படித்தான் தெரிகிறது' என்று நாற்காலியைப் பற்றிக்கொள்ளும் ஓரத்து ஆசாமியும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். தலித் எழுத்து வந்தபோது மையத்தில் இருந்த சிலர் கோட்டின் மடிப்புகளை மறுத்தார்கள். வேறு சிலர் 'அது அவர்கள் கோணம்' என்று மரியாதையாக ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது மரியாதை முதல் மறுப்பைவிட மேலானது என்று எனக்குத் தோன்றியதில்லை. இரண்டு பேரும் நகரவில்லை.

நகர முடியாதவனின் விஷயம் வேறு. அது விமர்சனக் கேள்வியல்ல, தர்மக் கேள்வி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு வழக்கமாக மானிட்டரின் முதுகுதான் தெரியும். எட்டிப் பார்த்தால் நின்றபடி, மேலிருந்து, பக்கவாட்டில். திரை டி.என். என்றால் எண்கள் தெரியும், சாயல்கள் வெளிறிவிடும். பிடித்துவைத்த தொகை ஒன்று வெளிர் மஞ்சள் பட்டையில் காட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கும் எனக்கு அது மஞ்சள். அவருக்கு வெறும் வெள்ளை. அவர் எண்ணைப் பார்த்துவிட்டார், முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைக்கிறார். ரகசியத்துக்கென்று திரைமேல் ஒட்டும் வடிகட்டி ஒன்று உண்டு. உள்ளே ஜன்னல் பலகைகள்போல நுண்ணிய கறுப்புத் தடுப்புகள். நேரிலிருந்து பக்கவாட்டில் 30 டிகிரி தள்ளினால் ஏறக்குறைய எல்லாமே இருட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அதுதான் கொடியது. ஆனால் அந்த இருட்டுக்கு முன் நிற்பவருக்குத் தான் பார்க்கவில்லை என்பதாவது தெரியும். கேட்பார். மஞ்சள் வெளிறிப்போன திரைக்கு முன் நிற்பவர் கேட்கமாட்டார். யாரும் அவரை ஏமாற்ற நினைக்கவில்லை. திரை செய்தவர் அவரை நினைக்கவே இல்லை. நினைக்கப்படாமல் இருப்பதற்கு யாரைப் பொறுப்பாக்குவது?

பல திரைகளின் அடியில் ஒரு சுழலச்சு இருக்கிறது, திருப்பினால் திரும்பும். ஆகவே பொறுப்பு அச்சுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே திரையில் இவருக்கு முன்னால் வந்துபோனவரின் கணக்கும் திறந்து கிடக்கலாம். அதை இவருக்குக் காட்ட எனக்கு உரிமையில்லை. திருப்பாமல் இருப்பதற்கும் நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தின் நிழலில் சோம்பலும் உட்கார்ந்துகொள்கிறது. எது எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு எப்போதும் முடிவதில்லை. பெரும்பாலும் பாஸ்புக்கை வாங்கிப் பிரிண்டரில் செருகுகிறோம். தாள், லாம்பெர்ட்டின் ஜாதி. அவர் அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, எதிரே நான் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே, விரலால் ஒவ்வொரு வரியாக வருகிறார். ஒரு வரியில் விரல் நிற்கிறது. "இது என்னங்க, இந்த ஐந்நூறு?" என்று கேட்கிறார்.